மாசி முதல் தை வரை: வீட்டுப் புல்வெளிப் பராமரிப்புக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுச் சமவெளியில் புல்வெளி வைத்திருப்பவர்கள் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியது, குளிர்நாட்டுக் கையேடுகளில் அச்சிடப்பட்டிருக்கும் மாதவாரி அட்டவணையைத்தான். அக்டோபரில் உரமிட்டுக் குளிர்காலத்துக்குப் புல்லைத் தயார்ப்படுத்தச் சொல்கின்றன அந்தக் கையேடுகள். நமக்கோ அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடுவதால், அன்று போட்ட யூரியா மறுநாள் மழைநீரோடு தெருவுக்குப் போய்விடும். ஏப்ரலில் புல்லைத் தரையோடு ஒட்ட வெட்டச் சொல்கின்றன. நமக்கு அதற்குப் பின் சில வாரங்களிலேயே கத்திரி வெயில் வந்து நிற்கிறது. நம் புல்லின் ஆண்டு மழையையும் வெயிலையும் வைத்தே நடக்கிறது என்பதால், இந்த வழிகாட்டியைத் தமிழ் மாதங்களை ஒட்டியே எழுதியிருக்கிறேன். சென்னைப் புறநகரில் 400 சதுர அடிப் புல்வெளி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். கோவை, மதுரை, நெல்லைப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஊர் மழைக்கு ஏற்பச் சில வாரங்களை முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம்.

நாம் வளர்ப்பவை வெப்பப் பருவப் புற்கள். கரும்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றைப் போலவே இவையும் கடும் வெயிலில் ஒளியை வீணாக்காமல் உணவு தயாரிக்கும் இயல்புடையவை. மண்ணின் வெப்பம் 27 முதல் 35 டிகிரி வரை இருக்கும்போது இவை மிகச் செழிப்பாக வளரும். 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். சமவெளியில் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே நம் புல்லுக்கு ஓய்வு என்று ஒன்று வருமானால், அது பெரும்பாலும் தண்ணீர் இல்லாத கோடையில்தான் வருகிறது. இதைப் புரிந்துகொண்டவர்கள் கோடையில் புல் பழுப்பதைப் பார்த்துப் பதறி உரம் போடமாட்டார்கள்.

உங்கள் புல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நர்சரிகளில் புல்லை விற்கும் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுவதால், பெயரை நம்புவதைவிட இலையைப் பார்த்து அடையாளம் காண்பது நல்லது. மெல்லிய, சாம்பல் கலந்த பச்சை இலைகளோடு தரையில் கொடிபோல் ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடுவது அருகம்புல் அல்லது அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்தும் நம் முன்னோர் இந்தப் புல்லின் இயல்பைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள்: இதற்கு மேலோடும் தண்டும் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டும் உண்டு. மேலே எரிந்தாலும் கீழிருந்து எழுந்து வரும். ஆனால் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் இல்லாத இடத்தில் இது மெலிந்து போய்விடும்.

ஊசிபோன்ற நுண்ணிய இலைகளுடன் மெத்தைபோல் அடர்ந்து, காலப்போக்கில் சிறு சிறு மேடுகளாகப் புடைப்பது கொரியன் புல். இது மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலை குறைவு. பழுதுபட்டால் ஆறுவதும் அதே போல மெதுவாகத்தான். அகலமான, தடித்த இலைகளோடு நிழலை ஓரளவு பொறுத்துக்கொள்வது பஃபலோ புல் என்று இங்கே பல நர்சரிகளில் விற்கப்படும் வகை. இதற்கு மண்ணுக்கடியில் தண்டு கிடையாது என்பதை மறக்கக் கூடாது. மேல் தண்டை வெட்டி எறிந்துவிட்டால் மீண்டு வர இதற்கு வழி இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் உப்புக் காற்றிலும் உவர்நீரிலும் புல் வளர்க்க விரும்புபவர்கள் பாஸ்பாலம் வகையைத் தேடி நடுவது புத்திசாலித்தனம்.

மாமரத்தடியிலும் வேப்பமரத்தடியிலும் எந்தப் புல்லும் நிலைக்காது. மூன்று முறை நட்டுத் தோற்ற இடத்தில் நான்காம் முறை நடாமல், அங்கே சரளைக்கல் பரப்பிவிடுங்கள்.

வேலையைத் தொடங்குமுன்

மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் ஆண்டு முழுவதும் ஊகத்துக்கு இடமிருக்காது. முதலாவது, புல்வெளியின் பரப்பு. டேப் பிடித்து அளந்து, சதுர அடியில் குறித்து வையுங்கள். உரமும் தண்ணீரும் இந்த எண்ணை வைத்தே கணக்கிடப்படும். இரண்டாவது, உங்கள் ஹோஸ் குழாய் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்பது. 20 லிட்டர் பக்கெட் ஒன்றை நிரப்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பழைய சமையலறைக் கத்தி ஒன்றை எடுத்துப் புல்வெளியில் நான்கு பக்கமும் கேக் வெட்டுவதுபோல் ஆழமாகக் கீறி, கையளவு துண்டு ஒன்றை மண்ணோடு வெளியே எடுங்கள். அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். மேலே பச்சை இலை. அதற்குக் கீழே காய்ந்த தண்டுகளும் செத்த வேர்களும் தேங்காய்நார்போல் பின்னிக் கிடக்கும் பழுப்புநிறச் சருகுப்படலம். அதற்கும் கீழே மண்ணும் வெள்ளை வேர்களும். சருகுப்படலம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால், நீங்கள் ஊற்றும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த நாரிலேயே நின்றுவிடுகிறது என்று பொருள். வேர்கள் விரல் நீளத்துக்கும் குறைவாக மேலேயே மடங்கிக் கிடந்தால், மண் இறுகியிருக்கிறது அல்லது நீங்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பழக்கிவிட்டீர்கள். பார்த்து முடித்ததும் துண்டை அதே இடத்தில் வைத்து மிதித்துத் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

மாசி, பங்குனி: புல் எழும்பும் காலம்

பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் மாசி மாதத்தில்தான் புல்லுக்குக் காயம் உண்டாக்கும் வேலைகளைச் செய்ய வேண்டும். அப்போது மண் சூடாகிக்கொண்டிருக்கும். வெயில் இன்னும் கொடுமையாகியிருக்காது. புல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள ஆறேழு வாரங்கள் கிடைக்கும்.

முதல் வேலை சருகுப்படலத்தை நீக்குவது. இரும்புப் பல் வைத்த வாரியால் ஒரு திசையில் இழுத்துவிட்டு, பிறகு குறுக்குத் திசையிலும் இழுங்கள். கொரியன் புல்லில் மேடு புடைத்த இடங்களைக் கத்தியால் செங்குத்தாக வரிவரியாகக் கீறிவிட்டு வாரினால்தான் உள்ளே இருக்கும் சருகு வெளியே வரும். முடித்தபின் புல்வெளி பரிதாபமாகத் தெரியும். அருகம்புல்லானால் மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும், கொரியன் புல்லுக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். பஃபலோ புல்லில் மட்டும் மென்மையாக வாருங்கள். தண்டு பிய்ந்து வருமானால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது மண்ணில் துளையிடுவது. நம் வீட்டு மனைகளில் பெரும்பாலானவை கட்டடம் கட்டும்போது லாரியும் ஆட்களும் மிதித்து இறுக்கிய மண். முதல் நாள் மாலை நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் காலை நீண்ட பல் உள்ள தோட்ட ஃபோர்க்கையோ கூரான கம்பியையோ 10 சென்டிமீட்டர் இடைவெளியில் அதே அளவு ஆழத்துக்குக் குத்தி, லேசாக ஆட்டி எடுங்கள். 400 சதுர அடிக்கு இது முழு நாள் வேலை. நடைபாதையாகப் பயன்படும் ஓரத்தையும் வாசல் பக்கத்தையும் மட்டுமாவது கட்டாயம் செய்யுங்கள்.

துளையிட்ட கையோடு மேல்மண் கொடுக்க வேண்டும். சலித்த செம்மண், ஆற்றுமணல் அல்லது கழுவிய எம்-சாண்ட், நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சமமாகக் கலந்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தென்னந்துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளிவிடுங்கள். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 46 லிட்டர் கலவை பிடிக்கும். கொத்தனார் சாந்து தூக்கும் இரும்புச் சட்டியில் நான்கைந்து சட்டி. இலை நுனிகள் வெளியே தெரிய வேண்டும். தெரியாமல் மூடினால் புல் மூச்சடைத்து அழுகும். மக்காத சாணத்தைப் போடாதீர்கள். அதோடு களை விதைகளும் வேர்ப்புழுவும் சேர்ந்தே வந்து இறங்கும்.

இவை முடிந்து பத்து நாள் கழித்து, புதுத் துளிர் தெரியும்போது முதல் உரம். 100 சதுர அடிக்கு 70 கிராம் யூரியா, அல்லது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 17:17:17 காம்ப்ளெக்ஸ் உரம் 200 கிராம். இரண்டுமே ஒரு சதுர மீட்டருக்கு மூன்றரை கிராம் சுமார் தழைச்சத்தைத் தரும்; வீட்டுப் புல்லுக்கு ஒரு தடவைக்கு அதுவே தாராளம். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் வேப்பம் புண்ணாக்கையும் மண்புழு உரத்தையும் கலந்து போடலாம். பலன் மெதுவாகத் தெரியும், ஆனால் மண் வளம் பெறும்.

யூரியாவை இடும் முறையில்தான் பலர் புல்லை இழக்கிறார்கள். நான் ஒருமுறை காலைப் பனி காயாத புல்லின்மேல் கையால் அள்ளி வீசிவிட்டு, தண்ணீர் விடுவதை மாலைக்குத் தள்ளிவைத்தேன். மூன்றாம் நாள், ஒவ்வொரு பிடியும் விழுந்த இடம் விரல்களை விரித்த கைபோலத் துல்லியமாகப் பழுத்திருந்தது. அந்தத் தடங்கள் மறைய ஒன்றரை மாதம் ஆயிற்று. அதன்பின் நான் மாறாமல் பின்பற்றும் முறை இது: இலை நன்றாகக் காய்ந்த பிறகு, உரத்தை ஐந்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து இரண்டு சம பங்காகப் பிரித்து, ஒரு பங்கைக் கிழக்கு மேற்காக நடந்தும் மறு பங்கைத் தெற்கு வடக்காக நடந்தும் தூவிவிட்டு, உடனே பத்து நிமிடம் தண்ணீர் தெளித்து இலையிலிருந்து கழுவி இறக்கிவிட வேண்டும்.

உரமிட்டும் இளம் இலைகள் வெளிறி, நரம்புக்கிடையே மஞ்சளாக இருந்தால், பெரும்பாலும் குறை தழைச்சத்தில் இல்லை; இரும்புச்சத்தில்தான். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உப்பேறிய போர் தண்ணீரிலும் இது சாதாரணம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் (இரும்பு சல்பேட்) கரைத்து வெயில் தணிந்த பின் இலைமேல் தெளித்தால் ஒரு வாரத்துக்குள் பச்சை திரும்பும். சிமென்ட் தளத்தில் பட்டால் துருக்கறை போகாது என்பதால் நடைபாதை ஓரத்தில் கவனமாகத் தெளியுங்கள்.

வெட்டுவது

ஆண்டு முழுவதும் தொடரும் வேலை இது ஒன்றே. இதில் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமான விதி: ஒரு தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டும்போது புல் இழப்பது அழகுக்கு வளர்த்த முடியை அல்ல, உணவு சமைக்கும் அடுப்பை. பாதிக்கு மேல் இழந்த புல், புது இலை விடுவதற்காக வேர் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது.

அருகம்புல்லை 3 முதல் 4 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். கொரியன் புல்லையும் அதே அளவில் வைக்கலாம். பஃபலோ புல்லை 7 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். அதாவது 4 சென்டிமீட்டரில் வைக்க விரும்பும் புல் 6 சென்டிமீட்டரை எட்டும்போது வெட்ட வேண்டும். அருகம்புல்லுக்கு நல்ல வளர்ச்சிக் காலத்தில் வாரம் ஒருமுறை, கொரியன் புல்லுக்கு மாதம் ஒருமுறை என்ற கணக்கில் இது வரும். ஊருக்குப் போய்விட்டு வந்து கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தால், ஒரேயடியாக இறக்காமல் நான்கு நாள் இடைவெளி விட்டு மூன்று தடவையாக இறக்குங்கள்.

தோட்ட வேலைக்கு வருபவர்கள் பலர் பிரஷ் கட்டரைக் கொண்டுவந்து அரை மணியில் முடித்துவிட்டுப் போகிறார்கள். நைலான் நரம்பு இலையை வெட்டுவதில்லை, கிழிக்கிறது. மேடு பள்ளம் பார்க்காமல் சில இடங்களில் மண் தெரியும்வரை சீவிவிடுகிறது. மறுநாள் புல்வெளி முழுதும் நுனி வெளுத்து நரைத்ததுபோல் தெரிவது அதனால்தான். சிறு புல்வெளிக்குக் கையால் தள்ளும் உருளை வெட்டியே போதுமானது. அது கத்தரிபோல் வெட்டும். கத்தியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாணை பிடியுங்கள். வாராவாரம் ஒழுங்காக வெட்டுகிறவர்கள் வெட்டிய துணுக்குகளை வாராமல் அங்கேயே விடலாம்: ஆண்டுக்குத் தேவையான தழைச்சத்தில் கால் பங்குவரை அவையே மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன. நோய் கண்ட காலத்திலும் மழைக்காலத்தில் துணுக்குகள் ஈரக்கட்டியாகச் சேரும்போதும் மட்டும் வாரி எடுங்கள்.

சித்திரை, வைகாசி: தண்ணீர்க் கணக்கு

பங்குனி முடிவிலேயே வெட்டும் உயரத்தை ஒரு சென்டிமீட்டர் உயர்த்திவிடுங்கள். உயர்ந்த இலை மண்ணுக்கு நிழல் தரும், வேரும் அதற்கேற்ப ஆழம் போகும். கத்திரி முடியும்வரை யூரியாவைத் தொடாதீர்கள். தண்ணீர் பற்றாத நேரத்தில் இலையை வளரத் தூண்டுவது புல்லுக்குச் செய்யும் தீங்கு.

உச்சக் கோடையில் புல்வெளி ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் சுமாருக்கு நீரை ஆவியாக விடுகிறது. வாரத்துக்கு 35 மில்லிமீட்டர். 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். ஆக, வாரத்துக்கு ஏறக்குறைய 1,300 லிட்டர். இந்தக் கணக்கைப் புல் போடுமுன்பே எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் ஆயிரம் சதுர அடிப் புல்வெளி நியாயமில்லை. இருக்கும் தண்ணீருக்குத் தக்க அளவில் சிறிதாக வைத்து, அதை நன்றாக வைத்திருப்பதே சிறப்பு.

தினமும் மாலை ஐந்து நிமிடம் தெளிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மேல் மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே தங்கிவிடும், ஒரு நாள் தவறினாலும் வாடும். இரவெல்லாம் ஈரமாக இருக்கும் இலையில் பூஞ்சை ஏறும். விடியற்காலையில், மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 15 முதல் 20 மில்லிமீட்டர் இறங்கும்படி விடுவதே முறை. புல்வெளியில் நான்கைந்து இடங்களில் தட்டையான டிபன் பாக்ஸ்களைத் திறந்து வைத்துத் தெளித்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலால் உள்ளே நிற்கும் நீரை அளந்தால், எந்த மூலை பட்டினி கிடக்கிறது என்று தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் குழாயானால், 400 சதுர அடிக்கு 20 மில்லிமீட்டர் விட 37 நிமிடம் ஆகும். களிமண்ணில் தண்ணீர் ஓடி வழியுமானால் பாதியை விட்டு, அரை மணி பொறுத்து மீதியை விடுங்கள்.

எப்போது விட வேண்டும் என்பதைப் புல்லே சொல்லும். இலை நீளவாக்கில் மடிந்து, பச்சை மங்கி நீலச்சாம்பல் படரும். நடந்துபோனால் காலடித் தடம் நிமிராமல் அப்படியே நிற்கும். அதற்கு மறுநாள் காலை தண்ணீர் விட்டால் போதும்.

ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரில் உப்பு செறிந்திருக்கும். அதையே தொடர்ந்து ஊற்றினால் புல் நுனி கருகும். வாஷிங் மெஷின் நீரில் சோடியம் இருப்பதால் களிமண் மேலும் இறுகும். ஏ.சி. சொட்டும் நீர் தாராளமாகப் பயன்படுத்தத் தக்கது.

தண்ணீரே இல்லையென்றால் அருகம்புல்லை உறங்க விடுங்கள். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, புல்லுக்குத் தண்ணீர் விடுவதை நினைக்கவே மனம் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காய்கறி, அரிசி கழுவிய நீரை மட்டும் மாற்றி மாற்றி ஊற்றிவந்தேன். தரை வைக்கோல் நிறத்துக்குப் போயிற்று. மழை பெய்த பத்தாம் நாள் கணுக்களிலிருந்து பச்சை முனைகள் எழுந்தன. அப்படி உறங்கும் புல்லின் மேல் நடக்காமலும் வண்டி நிறுத்தாமலும் பார்த்துக்கொள்வதே அப்போது செய்ய வேண்டிய ஒரே பராமரிப்பு. பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் நீர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிடைத்தால் அடித்தண்டு உயிரோடிருக்கும். பஃபலோ புல்லிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

ஆனி, ஆடி: காற்றும் வேர்ப்புழுவும் கோரையும்

கோடைமழை ஒன்றிரண்டு விழுந்தபின் இரண்டாவது உரத்தை அதே அளவில் கொடுக்கலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் கோவை, பொள்ளாச்சிப் பக்கமும், ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கும் குமரி, நெல்லைப் பக்கமும் ஆடிக்காற்று வெயிலைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சும். வானம் மூடியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்து ஏமாறாதீர்கள்.

கோடைமழையின் ஈரத்தில்தான் வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் மண்ணிலிருந்து வெளிவந்து, இரவில் வேம்பிலும் முருங்கையிலும் கூடி மேய்ந்து, மண்ணில் முட்டையிடுகின்றன. புழு வளைந்த வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாக, ஆங்கில 'சி' எழுத்துப் போலச் சுருண்டிருக்கும். தண்ணீர் விட்டும் வாடுகிற திட்டில் புல்லைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள்; வேர் அறுபட்டு ஜமக்காளம்போல் உரிந்து வந்தால் அடியில் அதுதான் இருக்கிறது. சிறு இடமானால் கையால் பொறுக்கி அழிப்பதே போதும். மைனாக்களும் கொக்குகளும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பரவலாக இருந்தால் மெட்டாரைசியம் பூஞ்சைப் பொடியை மக்கிய உரத்தில் கலந்து, மாலையில் தூவி நனைத்துவிடுங்கள். ஈரமான மண்ணில்தான் அந்தப் பூஞ்சை வேலை செய்யும். இலையைத் தின்னும் புழுவா என்று சந்தேகமிருந்தால், நான்கு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். புழுக்கள் இருந்தால் சில நிமிடங்களில் மேலேறி வந்துவிடும்.

பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளித்த புல்வெளியிலிருந்து அருகம்புல்லைக் கிள்ளிச் சாறு குடிக்கவோ கால்நடைக்குப் போடவோ கூடாது. சாற்றுக்குத் தனியாக ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

களைகளில் அம்மான் பச்சரிசி, சாரணை, நெருஞ்சி, தொட்டாற்சிணுங்கி போன்றவற்றைப் பூக்குமுன் ஈரமண்ணில் வேரோடு பிடுங்கினால் தீர்ந்தது. கோரை அப்படியல்ல. மேலே மூன்று பட்டையுள்ள தண்டைப் பிடுங்கினால், கீழே நூல்போன்ற வேரில் கோத்த கிழங்குகள் அறுந்து மண்ணிலேயே தங்கி, ஒன்றுக்கு இரண்டாக முளைக்கும். பழைய திருப்புளியையோ ஒல்லியான களைக்கொத்தியையோ பக்கத்தில் ஒரு சாண் ஆழத்துக்குச் செருகி, மண்ணை நெம்பிக் கிழங்கு வந்ததா என்று பார்த்து எடுங்கள். தப்பிய கிழங்கு இரண்டு வாரத்தில் மீண்டும் இலை விடும்; அது ஐந்தாறு இலை எட்டிப் புதுக் கிழங்கு வைக்குமுன் மறுபடி எடுங்கள். இந்த வட்டத்தைத் தவறாமல் ஒரு பருவம் முழுவதும் செய்தால் கோரை ஓயும். செம்மண் வாங்கும்போது கோரைக்கிழங்கு கலந்த மண்ணை வீட்டுக்குள் விடாமலிருப்பது அதைவிட எளிது: சுமை இறக்குமுன் ஒரு கை அள்ளிப் பாருங்கள்.

ஆவணி, புரட்டாசி

வடதமிழகத்தில் மாலை இடிமழையும் பகல் வெயிலும் மாறி மாறி வரும் இந்தக் காலத்தில் புல் தானாகவே செழிக்கும். வெற்றிடங்களை நிரப்ப இதைவிட நல்ல நேரம் இல்லை: ஓரத்தில் அடர்ந்த இடத்திலிருந்து வேரோடு கூடிய தண்டுகளை எடுத்து, மூன்று கணு நீளத்துக்கு நறுக்கி, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு மிதித்துவிடுங்கள். புரட்டாசி முதல் வாரத்தில் மூன்றாவது உரம். அதோடு 100 சதுர அடிக்கு 50 கிராம் பொட்டாஷ் சேர்த்தால் மழைக்கால நோயைத் தாங்கும் வலு கிடைக்கும். உவர் மண்ணில் சாதாரண பொட்டாஷுக்குப் பதில் பொட்டாசியம் சல்பேட்டைப் பயன்படுத்துங்கள்.

புரட்டாசி முடியுமுன் வடிகாலைச் சரிபாருங்கள். ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு அடையாளமிடுங்கள். ஆழமில்லாத பள்ளத்தை மேல்மண் கொடுத்து நிரப்பலாம். இரண்டு விரற்கடைக்கு மேல் ஆழமானால் புல்லைப் பாய்போல் உரித்தெடுத்து, அடியில் மண் நிரப்பி மீண்டும் விரிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை: மழை

சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. இந்த இரண்டு மாதமும் உரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். நீர் கோத்த மண்ணில் நடக்கவே வேண்டாம். ஒரு வாரத்தில் நாம் மிதித்து இறுக்குவதை மாசியில் ஒரு நாள் முழுக்கக் குத்தித்தான் திறக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் வெயில் கிடைத்து இலை காய்ந்தால் மட்டும் வெட்டுங்கள்.

கோடை முழுவதும் உப்புத் தண்ணீர் குடித்த மண்ணுக்கு மழை மருந்து. முதல் நல்ல மழைக்கு முன்னால் 100 சதுர அடிக்கு 2 கிலோ ஜிப்சத்தைத் தூவிவிட்டால், சோடியத்தை இடம்பெயர்த்து மழைநீரோடு கீழே இறக்கிவிடும். களிமண் பொலபொலப்பாகும்.

எண்ணெய் தடவியதுபோல் கருத்து, வழுவழுத்துப் படியும் திட்டுகள் தெரிந்தால், தேங்கிய நீரை வடித்துவிட்டு, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்களான சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா விரிடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நோயுற்ற இடத்தில் நடந்த செருப்போடு மற்ற இடத்துக்குப் போகாதீர்கள். காளான்கள் முளைத்தால் பயப்பட ஒன்றுமில்லை; அடியில் மக்கும் மரத்துண்டு இருக்கும். குழந்தைகள் வாயில் போட்டுவிடாதபடி பறித்துப் போட்டுவிடுங்கள். மண்புழு தள்ளும் மண் உருண்டைகள் நல்ல அறிகுறி. காய்ந்தபின் துடைப்பத்தால் பரப்பிவிட்டால் அதுவே மேல்மண்.

மார்கழி, தை: பனி

வளர்ச்சி மந்தமாகும். அருகம்புல்லை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும், தண்ணீரும் வாரம் ஒருமுறை போதும். விடியற்காலைப் பனி நெடுநேரம் இலையில் நிற்பதால், ஐந்து ரூபாய்க் காசளவு வெளுத்த வட்டங்கள் தோன்றலாம். தழைச்சத்துக் குறைந்த புல்லில்தான் இந்த நோய் அதிகம் பற்றும். காலையில் நீண்ட மூங்கில் கழியையோ ஹோஸ் குழாயையோ புல்லின்மேல் இழுத்துப் பனியை உதறிவிட்டு, வழக்கமான அளவில் பாதி யூரியாவைப் பகலில், இலை காய்ந்தபின் கொடுத்தால் பெரும்பாலும் மருந்தில்லாமலே ஆறிவிடும். கோலம் போடும் வாசலை ஒட்டிய புல்லில் பழைய கோலமாவைக் கழுவித் தள்ளாதீர்கள். கல்மாவு படிந்த இடத்தில் மண் இறுகி இலை வெளிறும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பரவலாகக் காணப்படும் கிக்குயூ புல்லும் வெப்பப் பருவ வகைதான், ஆனால் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுப் பிறவி என்பதால் குளிரை ஓரளவு தாங்கும். உறைபனி படிந்த காலைகளில் அதன்மேல் நடந்தால் உறைந்த இலை நொறுங்கி, காலடித் தடங்கள் கருத்துவிடும். வெயில் ஏறிப் பனி உருகும்வரை காத்திருங்கள். மலைப்பகுதியில் உரத்தைக் கார்த்திகையோடு நிறுத்திவிட்டுப் பங்குனியில் தொடங்குவது பொருத்தம்.

தை கடைசி வாரத்தில் வெட்டும் இயந்திரத்தைச் சாணைக்குக் கொடுத்து வாங்குங்கள். செம்மண்ணையும் மணலையும் சலித்துச் சாக்கில் கட்டி நிழலில் வையுங்கள். பிறகு அதே பழைய கத்தியை எடுத்து, போன ஆண்டு துண்டு எடுத்த இடத்துக்கு அருகிலேயே இன்னொரு துண்டை வெட்டியெடுத்து, சருகுப்படலத்தின் கனத்தையும் வெள்ளை வேரின் நீளத்தையும் அளந்து, முந்தைய அளவுக்குப் பக்கத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். மாசியில் எங்கே வார வேண்டும், எங்கே குத்த வேண்டும் என்பதை அந்த இரண்டு எண்களை வைத்து முடிவுசெய்யலாம்.